வேர் பிடிக்கும் காலம்

பெயர்த்து நட்ட செடி சில காலம் வளராமல் நிற்கும். நட்டபோது இருந்த இலைகள் மட்டும் இருக்கும். அவற்றின் ஓரமும் பழுக்கத் தொடங்கும். புதுத் துளிர் வராது. செடி பிழைக்குமா, பட்டுப்போகுமா என்பது அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. அப்போது நட்டவர் என்ன செய்யலாம், எதற்கு மேல் அவர் கைக்கு வேலை இல்லை என்பதைத் தோட்டக்கலை நூல்கள் சொல்லும். ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை. மனிதர் முயற்சி எங்கே முடிகிறது, அதற்கு அப்பாற்பட்டது எங்கே தொடங்குகிறது என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதையேதான். தமிழ் வைணவம் இந்தக் கேள்வியை ஒரு நந்தவனத்தின் பக்கத்திலிருந்தே கேட்டது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் வட்டத்தின் செட்டியார்பட்டி, தளவாய்புரம் ஊர்களிலிருந்து வடக்கே சிறிது தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நந்தவனம் இன்றும் இருக்கிறது.

முதலில் செடிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோண்டி எடுக்கும்போது தடித்த வேர்கள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். நுனி வேர்களும் அவற்றின்மேல் உள்ள வேர்த்தூவிகளும் அறுந்து பழைய மண்ணிலேயே தங்கிவிடும். நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு இந்தத் தூவிகளுடையது. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். எனவே செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடியதும் உணவு தயாரிப்பு குறைகிறது. தண்டைத் துளிர்க்கச் செய்யும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் பெருமளவு வேர் நுனிகளில்தான் உருவாகிறது. நுனிகள் போனதும் அதுவும் குறைகிறது. தண்டின் நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் புது வேர்களை முளைக்க வைக்கிறது. மேலே எதுவும் நடக்காத நாட்களில் செடி சேர்த்துவைத்திருந்த உணவெல்லாம் மண்ணுக்குள் வேராக மாறிக்கொண்டிருக்கிறது. வளர்ச்சி நின்றுவிட்டதென்று பார்ப்பவர் கருதும் காலம், பல செடிகளுக்கு மிகக் கடினமாக உழைக்கும் காலம்.

இதை ஐரிஸ் செடியில் தெளிவாகக் காணலாம். ஐரிஸ் குளிர்ந்த நாடுகளின் செடி. காஷ்மீரில் கல்லறைத் திடல்களில் இதை நடுவது பழைய வழக்கம். இறந்தோர்மேல் மண் மூடிய இடத்தில் ஆண்டுதோறும் தானே மீண்டும் முளைத்துப் பூக்கும் செடியை நட்டார்கள். இதில் தாடி ஐரிஸ் என்ற வகை இஞ்சி, மஞ்சளைப் போல மட்டநிலத்தண்டிலிருந்து வளர்வது. அந்தக் கிழங்கின் மேற்புறம் வெயிலைப் பார்த்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து ஆழமாகப் புதைத்தால் செடி ஆண்டுக்கணக்கில் குன்றி நிற்கும். வாடுகிறதே என்று தினமும் நீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். வளரவில்லையே என்று தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை மென்மையாகத் தழைக்கும். அழுகல் இன்னும் எளிதாகப் பிடிக்கும். பெயர்த்த முதல் ஆண்டில் பல செடிகள் பூப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஒருமுறை பூத்த கிழங்குத் துண்டு மறுபடி பூக்காது. அதன் பக்கவாட்டில் கிளைக்கும் இளங்கிழங்குகளே அடுத்துப் பூக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அவை நெருக்கியடித்து நிற்கும்போது மீண்டும் தோண்டிப் பிரித்து நட வேண்டும். பெயர்க்கப்படுவது இந்தச் செடிக்கு எப்போதோ நேரும் விபத்தன்று, அதன் வாழ்க்கை முறையிலேயே அடங்கியது.

விருதுநகர் மாவட்டத்து வெயிலில் தாடி ஐரிஸ் நிலைக்காது. அதற்குக் குளிர்காலம் வேண்டும். கொடைக்கானல், உதகை போன்ற இடங்களே பொருந்தும். ஆனால் அதே சிக்கல் மலையடிவாரத்து ஊர்களில் வேறு செடிகளில் நாள்தோறும் நடக்கிறது. கல்வாழைக் கிழங்கு, சம்பங்கிக் கிழங்கு, பதியன் போட்ட மல்லிகை, நாற்றாக விட்டுப் பிடுங்கி நட்ட செவ்வந்தி, துளசிக் கன்று எல்லாமே இந்த நிலையைக் கடந்துதான் வளர்கின்றன. நெல் வயலில் இதை ஊரே சேர்ந்து பார்க்கிறது. நடவு முடிந்த வயல் ஒரு வாரம் வெளிறிக் கிடக்கும். பிறகே பச்சை கட்டும். அதன்பின்தான் தூர் விடும். நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சுவதை உயிர்த்தண்ணீர் என்பார்கள். அதற்குப் பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதே பல பயிர்களுக்கு முறை. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்ட, இந்தப் பக்கம் காற்று மட்டும் வீசும். அந்தக் காற்றில் நட்ட கன்றுக்குத் தென்னங்கீற்று நிழல் இல்லாவிட்டால் இலை கருகிவிடும். பொழுது சாய்ந்தபின் நடுவதும், தாய்மண் உதிராமல் பெயர்ப்பதும் இதனால்தான்.

இனி கேள்விக்கு வரலாம். மண்ணைப் பண்படுத்தியாயிற்று, நிழல் கட்டியாயிற்று, நீரும் விட்டாயிற்று. செடி நிற்கிறது. இதற்குமேல் வேர் விடுவது யாருடைய செயல்? நட்டவர் வேரை இழுத்து நீட்ட முடியாது. நட்டவர் இல்லாமல் செடி அந்த இடத்துக்கு வந்திருக்கவும் முடியாது. இரண்டும் உண்மையாக இருக்கும்போது விளைச்சலை யார் கணக்கில் எழுதுவது?

திருக்குறள் இரண்டு அதிகாரங்களை எதிரெதிரே நிறுத்துகிறது. ஊழ் என்ற அதிகாரம் ஊழைவிட வலியது வேறில்லை என்று முடிகிறது. ஆள்வினையுடைமை என்ற அதிகாரம் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வார் என்று முடிகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் முரண்பாட்டைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று எண்ண இடமில்லை. உழவு அதிகாரத்தில் உழுவதைவிட எரு இடுவதும், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பதும் மேல் என்கிறார். செடியைத் தொட்டுச் செய்யும் வேலையைவிட அதைச் சுற்றி நின்று செய்யும் வேலையை அங்கே உயர்த்துகிறார். மூதுரையோ எவ்வளவு முயன்றாலும் உரிய காலம் வராமல் செயல் கைகூடாது என்றும், உயர்ந்த மரமும் பருவம் வந்தால்தான் பழுக்கும் என்றும் சொல்கிறது. இதை முயற்சியைக் கைவிடச் சொல்லும் உபதேசமாக எடுப்பவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பன்று. பருவத்தில் பழுக்கும் மரமும் யாரோ நட்டு உயர்ந்த மரமாக இருக்க வேண்டுமல்லவா?

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்று எண்ணிச் சொல்கிறது: செயல் நடக்கும் இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் மண், நடுபவர், மண்வெட்டியும் குடமும், தோண்டுதலும் ஊற்றுதலும், அவற்றுக்குமேல் ஐந்தாவது ஒன்று. இராமானுசர் தம் உரையில் இந்த ஐந்தாவதை உயிர்களுக்குள் உறைந்து இயக்கும் அந்தர்யாமியாகக் கொள்கிறார். இதன்படி தெய்வம் முயற்சி தோற்ற இடத்தை நிரப்ப வெளியிலிருந்து வருவதன்று. மண்ணுக்குள்ளும் நடுபவருக்குள்ளும் செடிக்குள்ளும் முன்பே இருப்பது. வேர் விடுவது செடியின் செயலா, தெய்வத்தின் செயலா என்று பிரித்துக் கேட்பதே இங்கே பொருந்தாமல் போகிறது.

ஆனால் இராமானுசருக்குப் பின் வந்தவர்களுக்கு அது போதவில்லை. ஐந்தில் மனிதர் பங்கு எவ்வளவு என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டபோது இரண்டு வழி பிறந்தது. முதல் வழிக்கு உவமை குரங்குக்குட்டி: அது தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி சிறிதானாலும் குட்டியுடையது. மற்ற வழிக்கு உவமை பூனைக்குட்டி: அது எதையும் பற்றுவதில்லை. தாயே கவ்விக்கொண்டு போகிறது. முதல் வழியில் நின்று, வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார் இறைவன் அருளுவதற்கு உயிரிடமிருந்து ஒரு வியாஜம், ஒரு சிறு சாக்காவது, வேண்டும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்து மணவாள மாமுனிகளால் நிலைபெற்ற தென்கலையார் அருளுக்குக் காரணம் எதுவும் வேண்டாம், அதுவே தானாக வருவது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் தென்கலை மரபைப் பின்பற்றுவது.

இந்த விவாதம் நிலைபெயராத மடத்தில் உட்கார்ந்து நடந்ததன்று. 1323-ம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. உற்சவர் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே புறப்பட்டவர்களில் முதியவரான பிள்ளை லோகாசாரியரும் ஒருவர். வழியில் சோதிஷ்குடியில் அவர் மறைந்தார். வேதாந்த தேசிகர் ஸ்ருதபிரகாசிகை என்ற உரைநூலின் சுவடியைக் காப்பாற்றி எடுத்துக்கொண்டு கன்னட நாட்டுக்குப் போனார். நம்பெருமாள் ஊர் ஊராக இருந்து 1371-ல்தான் திருவரங்கம் திரும்பினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூலவர் ஓரிடம், உற்சவர் ஓரிடம். பற்றிக்கொள்வதா, கவ்விச் செல்லப்படுவதா என்று கேட்டவர்கள் தங்கள் மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள். எப்போது வேர் பிடிக்கும் என்று தெரியாத நிலையில் இருந்தவர்கள். இதை மறந்து படித்தால் இரு தரப்பும் வெறும் தர்க்கமாகத் தெரியும். ராஜபாளையத்துப் பக்கம் விஜயநகர அரசின் காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வந்து குடியேறிய தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது.

தென்கலை மரபில் ஒரு கருத்து நட்ட செடிக்கு நேராகப் பொருந்துவது. அருளை வரவழைக்க உயிரால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் வரும் அருளைத் தடுக்க அதனால் முடியும். ஆகவே உயிரிடம் கேட்கப்படுவது விலக்காமை ஒன்றே. தோட்டத்தில் இதைப் பார்ப்பவர்கள் மறுக்க மாட்டார்கள். ஐரிஸ் கிழங்கை வளர வைக்கும் வழி எதுவும் கிடையாது. வளர விடாமல் செய்யப் பல வழிகள் உண்டு: ஆழப் புதைப்பது, தினமும் நனைப்பது, உரத்தைக் கொட்டுவது, வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது. நட்டவர் தன் வேலையென்று நினைப்பவற்றில் பெரும்பகுதி உண்மையில் தடைகளை நீக்குவதுதான். வெயில் படவிடுவது, நீர் தேங்காமல் வடிய வைப்பது, களை எடுப்பது, ஆடுமாடு நெருங்காமல் முள்வேலி போடுவது. குறள் காவலை உயர்த்திச் சொன்னதும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது.

அப்படியானால் பூனைக்குட்டி வழி சோம்பலுக்கு இடம் கொடுக்காதா என்பது பழைய எதிர்ப்பு. அதற்கான விடை ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள பெரியாழ்வாரின் நந்தவனத்தில் இருக்கிறது. விஷ்ணுசித்தர் என்ற இயற்பெயருடைய அவர் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். வடமதுரையில் கண்ணன் பூத்தொடுப்பவர் ஒருவரின் வீடு தேடிப் போய் மாலை கேட்டு வாங்கிக்கொண்ட கதையைக் கேட்டு, இறைவனுக்கு உகந்த தொண்டு பூமாலையே என்று அவர் முடிவு செய்ததாகக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. நந்தவனம் அமைத்து, நாள்தோறும் பூப்பறித்துத் தொடுத்து அங்குள்ள கோயிலின் பெருமாளான வடபத்ரசாயிக்குச் சாத்தினார். மண்வெட்டியும் குடமுமாக ஒரு வாழ்நாள் உழைத்தவரைச் சோம்பலுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் அந்த உழைப்பு எதையும் ஈட்டுவதற்கான வழியாக இல்லை. வைணவ ஆசாரியர்கள் கைங்கரியத்தைப் பேற்றுக்குக் கருவியாக வைக்கவில்லை. அதையே பேறாக வைத்தார்கள். வீடுபேறு அடைந்தபின் உயிர் அங்கே என்ன செய்யும் என்று கேட்டால், தொண்டு செய்யும் என்பதே அவர்கள் விடை.

இந்த ஓர் எண்ணம் நட்டுவிட்டுக் காத்திருப்பவரின் நிலையையே மாற்றிவிடுகிறது. நீர் விடுவது பூவுக்கான விலை என்றால், பூக்காத ஆண்டின் நீரெல்லாம் வீண். நீர் விடுவதே அடைய வேண்டியது என்றால் பூக்காத ஆண்டிலும் எதுவும் வீணாகவில்லை. முயற்சியா அருளா என்ற வழக்கில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் ஒன்றுசேரும் இடம் இது. தேசிகரின் வழியில் நின்றால் தோட்டத்து வேலை வியாஜம்; லோகாசாரியரின் வழியில் நின்றால் கிடைத்த அருளின் பலன். எப்படிப் பார்த்தாலும் மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

செடியின் பக்கமிருந்தும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது உயிர்தானே, அதைப் பிடுங்குவது தகுமா? தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் தொடுவுணர்வாகிய ஓரறிவு உடையவை என்று வகுத்தது. சமணம் செடிகளை ஓரறிவுயிராகக் கொண்டு, துறவிகள் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்றது. பௌத்தப் பிக்குகளுக்கான விதிகளிலும் செடிகொடிகளை வெட்டுவது குற்றம். வள்ளலார் வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியவர். வைணவத்திலும் துளசி பறிக்க நியமங்கள் இருக்கின்றன. துவாதசியில் பறிக்க மாட்டார்கள், பொழுது சாய்ந்தபின் தொட மாட்டார்கள், வேண்டிக்கொண்டே கிள்ளுவார்கள். இவையெல்லாம் சேர்ந்து ஒரு கடனைச் சுட்டுகின்றன. செடி தானாக இடம் மாறவில்லை; மனிதரின் விருப்பத்துக்காக மாற்றப்பட்டது. அதன் வாட்டத்துக்கு நட்டவரே காரணம். ஆகவே அது தேறும்வரை பார்த்துக்கொள்வது தயவு என்ற கணக்கில் சேராது. தன் விருப்பத்துக்காக அதைப் பாடுபடுத்தியவர் செய்தே தீர வேண்டியது அது. வளரவில்லை என்று செடியின்மேல் சலித்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

பொறுமை எப்போது புறக்கணிப்பாக மாறுகிறது என்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்ட செடி மண்ணுக்குள் அழுகிக்கொண்டிருக்கலாம். தோட்டத்தில் இதற்கு அடையாளங்கள் உண்டு. மரத்தண்டுள்ள கன்றானால் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கிழங்குச் செடியானால் மேல்மண்ணை விலக்கி விரலால் அழுத்திப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். எத்தனை வாரமானாலும் தோண்டக் கூடாது. கொழகொழப்பாகி நாற்றம் வந்தால் காத்திருப்பது தவறு. உடனே எடுத்து, அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டி நீக்கி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் வைத்து, வேறிடத்தில் மேலாக நட வேண்டும். விலக்காமை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. தடை வெளியிலிருந்து வந்தாலும் அதை அகற்றும் பொறுப்பு அதில் அடங்கியது. மனிதர் விஷயத்தில் இப்படி அழுத்திப் பார்க்கும் வழி எளிதாகக் கிடைப்பதில்லை. ஊர் மாறி வந்த குழந்தை பள்ளியில் பேசாமல் இருக்கும் மாதங்கள், புகுந்த வீட்டில் புது மருமகள் ஒட்டாமல் இருக்கும் காலம், துறவறம் ஏற்றவருக்கு மனம் வறண்டுபோகும் ஆண்டுகள் இவற்றில் வேர் விடும் மௌனம் எது, அழுகும் மௌனம் எது என்று அருகில் இருந்து பழகியவர்தான் ஓரளவு சொல்ல முடியும். அதனால்தான் சமய மரபுகள் அத்தகைய காலத்தில் ஆசாரியர் துணை வேண்டும் என்று வற்புறுத்தின.

காத்திருப்பது அமைதியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே விடை இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று அதே நந்தவனத்தில் துளசியடியில் கிடைத்த குழந்தை ஆண்டாள் என்பது மரபு. பெரியாழ்வார் வளர்த்தார், பின்னர் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று அரங்கனிடம் ஒப்புவித்தார். திருப்பாவையின் முப்பது பாடல்களில் மழை பெய்கிறது, நெல் ஓங்குகிறது, தோழியர் கூடுகிறார்கள். நாச்சியார் திருமொழியில் அந்த நிறைவு கிடையாது. அங்கே இருப்பது வந்து சேராத ஒருவனுக்காக மெலியும் பெண். காமனிடம் வேண்டுகிறாள், குயிலிடம் கெஞ்சுகிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள், தோட்டத்துப் பூக்களைப் பார்த்தே வதைக்கிறீர்களே என்று முறையிடுகிறாள். அவன் உடுத்த ஆடையையாவது கொண்டுவந்து வீசுங்கள் என்று கேட்கிறாள். அருள் தானாக வரும் என்று போதித்த மரபு இந்தப் பதற்றத்தை நம்பிக்கைக் குறைவாகக் கருதவில்லை. அவளை ஆழ்வாராகவும் தாயாராகவும் வைத்து வணங்குகிறது. வேண்டுவதும் அழுவதும் விலக்காமைக்கு எதிரானவை அல்ல. செடி வாடும்போது நட்டவர் மனம் வாடலாம். அந்தக் கவலையில் கையை மண்ணுக்குள் விட்டுக் கிளறக் கூடாது, அவ்வளவே.

எல்லாம் செய்தும் சில செடிகள் பட்டுப்போகும். பெயர்த்தபோதே வேர் அளவுக்கு மேல் அறுந்திருக்கலாம், பருவம் தவறியிருக்கலாம், மண்ணிலேயே நோய் இருந்திருக்கலாம். காரணம் தெரிந்தால் அடுத்த நடவுக்கு உதவும், தெரியாமலும் போகலாம். பட்டுப்போன துளசியை நந்தவனங்களில் குப்பையில் எறிவதில்லை. காய்ந்த தண்டு மணிமாலைக்கு ஆகும். அழுகி இறந்த கிழங்கை மட்டும் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியில் போட்டால் நோய் பரவும். செடி பட்டுப்போன குழியில் உடனே அதே இனத்தை நடக் கூடாது. மண்ணை வாரி வெளியே பரப்பி வெயிலில் நன்றாகக் காய விட்டு, மட்கிய எருவும் மணலும் கலந்து நீர் வடியும்படி மேடாக்கி, ஐப்பசி மழையின் வேகம் தணிந்தபின் அடுத்த கன்றை வைக்கலாம்.